துரையின் கால் அளவில் ஒரு மேஸ்

பொகவந்தலாவை மலையில் தேங்காய் எண்ணெயைக் குத்தித்தான் எடுக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் இருந்து இதை வாசிக்கிறவர்கள் நம்ப மாட்டீர்கள். அங்கே பங்குனி மாதத்தில் போத்தலைச் சரித்தால் எண்ணெய் உள்ளங்கையில் நிற்காமல் முழங்கை வரை ஓடிவிடும். இங்கே அதே பங்குனியில் அது மெழுகாக உறைந்து, தலைகீழாகப் பிடித்தாலும் அசையாமல் இருக்கும். காலையில் தலை வாருவதற்கு முன், நான் மேஸ், அதாவது கம்பளிக் காலுறை, பின்னுகிற நாலு இரும்பு ஊசிகளில் ஒன்றைப் போத்தலுக்குள் விட்டுக் குடைந்து, நெல்லிக்காய் அளவு கட்டியாக எண்ணெயை வெளியே எடுப்பேன். அந்த ஊசிகள் என் கைக்கு வந்த முதல் மாதத்தில் அவை செய்த உருப்படியான வேலை இது ஒன்றுதான்.

இது எனக்கு இங்கே மூன்றாவது பங்குனி. சாவகச்சேரியில் பிறந்து வளர்ந்த நான் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குத் தையல் ஆசிரியையாக வந்த கதையில் ஒரு சின்னப் பொய் இருக்கிறது. விண்ணப்பத் தாளில் 'கம்பளிக் காலுறை பின்னத் தெரியுமா?' என்று ஒரு கேள்வி. மேல்வகுப்புப் பெண்பிள்ளைகளுக்கு அதைக் கற்பிக்க வேண்டுமாம். எனக்குப் பூத்தையல் தெரியும், சட்டை வெட்டத் தெரியும். ஊசி பிடித்தவளுக்கு எந்த ஊசியானாலும் ஒன்றுதானே என்ற துணிச்சலில் 'தெரியும்' என்று எழுதிவிட்டேன். எங்கள் தெருவில் மேஸ் போட்ட மனிதர் ஒரே ஒருவர், தபால் கந்தோர் பெரியவர். அவரும் மாலையில் வீட்டுக்கு வந்ததும் அவற்றைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு, கால் வெந்துபோனது என்று அரை மணித்தியாலம் கிணற்றடியில் நிற்பார். மேஸைப் பற்றி எனக்கிருந்த அறிவு அவ்வளவுதான்.

வேலை நிரந்தரமாக இரண்டு வருடம் ஆகும் என்றார்கள். இரண்டாம் வருட முடிவில், சித்திரைக்கு முன், பள்ளிக்கூடங்களைச் சோதிக்கும் வித்தியாதரிசி நேரில் வந்து பிள்ளைகளின் கைவேலையைப் பார்த்து எழுதினால்தான் நிரந்தரம். அம்மாவும் தன் பங்குக்கு ஒரு தவணை வைத்திருந்தா. சித்திரைக்குள் வேலை நிரந்தரமாகாவிட்டால் நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வரவேண்டும், கொடிகாமத்தில் பேசி வைத்திருக்கும் மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். மாப்பிள்ளையை நான் பார்த்ததில்லை. நல்ல மனிதராகவே இருக்கக்கூடும். ஆனால் இருபத்தாறு வயதில், முதன்முறையாக எனக்கென்று ஒரு அறை, ஒரு கதவு, அதைப் பூட்ட ஒரு திறப்பு கிடைத்திருந்தது. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

போன வருடப் பங்குனி முழுவதும் மரங்களும் அம்மாவின் பக்கம்தான் நின்றன. ஊரில் கலியாணம் என்றால் முள்முருக்கந் தடி ஒன்றை வெட்டிக் கன்னிக்கால் நடுவோம். இங்கே தேயிலைக்கு நிழலாக மலை முழுக்க முள்முருக்குத்தான். பங்குனி பிறந்ததும் இலையை உதிர்த்துவிட்டுச் செக்கச் செவேலென்று பூத்துக் கொட்டும். வகுப்பு யன்னலால் எட்டிப் பார்த்தால், அம்மா எனக்காக ஆயிரம் கன்னிக்கால் நட்டு வைத்திருப்பதாகவே தோன்றும். நான் யன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படிப்பிக்கப் பழகினேன்.

எனக்கு மேஸ் பின்னப் பழக்கியவள் அந்தோணியம்மா. என்னைவிட நாலு வயது இளையவள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பராவில் வேலை. அதற்கு முன் பங்களாவில், தோட்டத்தை நடத்தும் பெரிய துரையின் பிள்ளையைப் பார்த்துக்கொண்டவள். துரையின் மனைவி பின்னும்போது பக்கத்தில் நின்று பார்த்துப் பழகியிருந்தாள். ஒருநாள் பிள்ளைக்காம்பராப் பக்கம் போனபோது, காலால் ஒரு தொட்டிலை ஆட்டிக்கொண்டு, இடுப்பில் ஒரு குழந்தையோடு, பாராமலே மளமளவென்று அவள் பின்னிக்கொண்டிருந்ததைக் கண்டு அங்கேயே குந்திவிட்டேன். தையல் டீச்சர் தன்னிடம் பின்னல் கேட்கிறாள் என்பதை அவள் நம்பவில்லை. நான் ஏதோ பரீட்சை வைக்கிறேன் என்று நினைத்து எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்று, தன் தவறுகளையெல்லாம் ஒப்புவிக்கத் தொடங்கினாள். உண்மை விளங்கியதும் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு நெடுநேரம் சிரித்தாள்.

அவளுக்கு எழுத்துத் தெரியாது. எல்லாம் வாய்க்கணக்கு. கணுக்காலுக்கு மேல் வரும் வரிப்பின்னலுக்கு இரண்டு கண், அதாவது இரண்டு நூல்வளையம், முன்னால், ஒரு கண் பின்னால் என்று போட வேண்டும். அதை அவள் கொழுந்துக் கணக்கிலேயே வைத்திருந்தாள். 'ரெண்டு எல, ஒரு மொட்டு' என்று முணுமுணுத்துக்கொண்டே போவாள். காலையில் நான் அவளிடம் படித்ததை மத்தியானம் என் ஆறு மாணவிகளுக்குப் படிப்பித்தேன். அவர்களைவிட ஒரே ஒரு நாள் முந்தியிருந்தேன். அந்த ஒரு நாளும் நெடுநாள் நிலைக்கவில்லை. லீவு நாட்களில் கொழுந்து பறித்துப் பழகிய விரல்கள் அவர்களுடையவை. 'ரெண்டு எல ஒரு மொட்டு' என்று சொன்னதும் பிடித்துக்கொண்டார்கள். நான் சொன்னபடி கண்களை எண்ணுவேன், பத்தாவது வரியில் ஒரு கண் நழுவி ஏணியாய் அடிவரை இறங்கிவிடும். பிரிப்பேன், மறுபடி பின்னுவேன். நாலாம் ஊசி உருண்டு பலகைச் சந்தில் விழும். ஒருநாள் நூற்பந்துக்குள் ஒரு அட்டை ஏறியிருந்து என் விரலைக் கவ்வியது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு நின்றுபோனது. குதிக்கால் திருப்புகிற இடம், நேராக இறங்கும் பின்னலைப் பாதத்தின் பக்கம் வளைக்கிற இடம், எனக்கு ஒரு நாளும் சரிவரவில்லை. அதை எப்போதும் அந்தோணியம்மாவே திருப்பித் தருவாள்.

நூல் எங்கிருந்தோ பள்ளிக்கூடத்துக்குத் தானமாக வந்த ஒரு பெட்டி, முழுவதும் கடுகு மஞ்சள். ஒரு சனிக்கிழமை அட்டனுக்கு பஸ்ஸில் போகும்போதும் பின்னிக்கொண்டே போனேன். சிங்களக் கொண்டக்டர் நின்று பார்த்தார். மடியில் கிடந்த மஞ்சள் குழாயைக் காட்டி, 'மேக்க காட்டத?' என்றார். யாருக்கு என்று கேட்கிறார் எனப் புரிந்தது. பள்ளிக்கூடம், பரீட்சை, வித்தியாதரிசி எல்லாவற்றையும் சொல்ல எனக்குச் சிங்களம் போதாது. தெரிந்த ஒரே பதிலான 'மட்ட', எனக்கு, என்பதைச் சொன்னேன். நோர்வூட் பாலம் வரும்வரை அவர் என் சேலைக் கரைக்குக் கீழேயே பார்த்துக்கொண்டு வந்தார்.

அவர் பார்த்ததன் காரணம் எனக்கு அடுத்த வாரம்தான் விளங்கியது. மாசி முடிவில் என் முதல் மேஸ் முடிந்தது. ஆசையோடு காலை விட்டேன். கால் போய்க்கொண்டே இருந்தது. மறுகாலையும் அதற்குள்ளேயே விட்டேன், அதுவும் போனது. மேல் நுனி என் தொடை வரை வந்தது. வகுப்புக்கு ஓடிப்போய் பிள்ளைகளின் மேஸ்களை வரிசையாகக் கொடியில் தொங்கவிட்டுப் பார்த்தேன். ஆறும் அதே அளவு. பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள், ஒரு நாளும் சப்பாத்துப் போட்டறியாதவர்கள், ஆளுக்கொரு பூதத்தின் காலுக்குப் பின்னி வைத்திருந்தார்கள். நான் அந்தோணியம்மாவிடம் போய், ஏன் இவ்வளவு பெரிது என்று கேட்டேன். அவளுக்குக் கேள்வியே விளங்கவில்லை.

"மேசுன்னா அதுதாங்க அளவு, டீச்சரம்மா. தொரைக்கு முட்டி வரைக்கும் வரணும்ல?"

துரைக்குச் சரி, மற்றவர்களுக்கு என்றேன்.

"தொரைய வுட்டா இங்க வேற யாருங்க மேசு போடுறா?"

அளவைக் குறைக்கலாமா என்று கேட்டேன். கணக்கை மாற்றினால் குதிக்கால் திரும்பாது என்று சொல்லிவிட்டாள். அவளுக்குத் தெரிந்தது ஒரே கணக்கு, ஒரே கால். எனக்கு அதுகூடத் தெரியாது. வித்தியாதரிசி வருவதற்கு ஒரு மாதம் இருந்தது. நானும் அவளும் நாலு முறை கணக்கை மாற்றிப் பார்த்தோம். முதல் மூன்றும் குதிக்கால் இல்லாத தலையணை உறையாக முடிந்தன. நாலாவது எதுவாகவும் முடியவில்லை.

பங்குனி கடைசியில் அவர் வந்தார். இந்த மாதத்தில் இங்கே காலை முழுவதும் நீல வானமாக இருந்துவிட்டு, மத்தியானம் இரண்டு மணிக்கு இடி இடித்து ஊற்றும். வித்தியாதரிசி யாழ்ப்பாணத்து வடமராட்சிக்காரர், அதை அறியாதவர். பஸ் தெருவிலிருந்து குடையில்லாமல் குறுக்குவழியால் ஏறி வந்து, சொட்டச் சொட்ட என் வகுப்பில் நுழைந்தார். குள்ளமான, மிடுக்கான மனிதர். கொடியில் தொங்கிய மஞ்சள் மேஸ்களை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இதெல்லாம் ஆற்றை கால், பிள்ளை?"

பெரிய துரையுடைய கால் ஐயா என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு ஊசித் தொகுதியை என் கையில் தந்து, தனக்கு முன்னால் குதிக்காலைத் திருப்பிக் காட்டச் சொன்னார். எடுத்தேன். எண்ணினேன். வாய் 'ரெண்டு எல' என்கிறது, கை மூன்றை எடுக்கிறது. மூன்றாவது திருப்பத்தில் ஐந்து கண்கள் ஒன்றாக நழுவின. யன்னலுக்கு வெளியே முள்முருக்கு மழையில் சிவந்து நின்றது. முடிந்தது, கொடிகாமம்தான் என்று நினைத்தேன். அழுகை வந்தது. ஊசியை மேசையில் வைத்துவிட்டு, எனக்குத் தெரியாது ஐயா, விண்ணப்பத்தில் பொய் எழுதினேன், எனக்கும் பிள்ளைகளுக்கும் பழக்கியது பிள்ளைக்காம்பரா அந்தோணியம்மா என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் முன்வாங்குப் பிள்ளை, "சாருக்கு ரத்தங்க," என்றாள். அவரது சப்பாத்திலிருந்து சிவப்பாக வழிந்துகொண்டிருந்தது. நனைந்த சப்பாத்தையும் மேஸையும் கழற்றினால், உள்ளே இரண்டு அட்டைகள் குடித்துப் பருத்துப் படுத்திருந்தன. மிடுக்கெல்லாம் எங்கோ போய்விட்டது. பிள்ளைகள் அட்டைக்குச் சவர்க்காரம் தேய்த்தார்கள், காலைத் துடைத்தார்கள், குளிரில் பல் கிட்டிப்போய் உட்கார்ந்திருந்தவருக்குக் கேட்காமலே இரண்டு மஞ்சள் மேஸ்களை மாட்டிவிட்டார்கள். குதிக்கால் அவரது கெண்டைக்காலில் நின்றது. மேல் நுனி தொடையில் நின்றது. யாரோ தேத்தண்ணீர் கொண்டுவந்தார்கள். அவர் குடித்தார். கால்விரல்களை அசைத்துப் பார்த்தார். முகம் மெல்ல மனித முகமானது.

அந்தோணியம்மாவை அழைத்துவரச் சொன்னார். அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, அவர் முன் நின்றபடியே, நான் நழுவவிட்ட குதிக்காலைத் தூக்கிப் பிடித்துத் திருப்பி முடித்தாள். அவர் அதை வாங்கி உள்ளும் புறமும் பார்த்தார். பிறகு எழுதத் தொடங்கினார். எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார். பின்னல் வேலை திருப்தி. ஆசிரியை தன் குறையை ஒளிக்கவில்லை, ஊரவரிடம் கேட்டுப் படித்திருக்கிறார். நிரந்தரமாக்கலாம். ஆனால் அடுத்த வருடம் தான் வரும்போது ஒவ்வொரு பிள்ளையும் தன் காலுக்கு அளவாகப் பின்னியிருக்க வேண்டும்.

"இதுகளின்ரை காலுக்கு," என்று பேனையால் வாங்குக்குக் கீழே தொங்கிய பன்னிரண்டு வெறுங்கால்களைக் காட்டினார். அந்த மஞ்சள் மேஸ்களோடுதான் பஸ்ஸுக்கு இறங்கினார். இன்னும் திருப்பி அனுப்பவில்லை.

அதன் பிறகு நானும் அந்தோணியம்மாவும் பிள்ளைகளின் பாதங்களைச் சிலேற்றில் வைத்து வரைந்து, கண்களை எண்ணி எண்ணிக் குறைத்து, ஆனி மாதத்தில் முதல் சின்னக் குதிக்காலைத் திருப்பினோம். திருப்பியது நான். அந்தோணியம்மா அதைத் தன் கையில் போட்டுப் பார்த்துவிட்டு, "இது நம்ம ஆளுக காலுங்க," என்றாள். அவளுக்கும் ஒரு சோடி பின்னிக் கொடுத்தேன். அவள் அதைக் காலில் போடவில்லை, பெட்டியில் வைத்திருக்கிறாள். நான் கேட்டால் மாதாவுக்கு நேர்ந்திருப்பதாகச் சொல்கிறாள்.

அம்மாவுக்கு, வேலை நிரந்தரமானதை எழுதி, இரண்டு வருடமாக என்னதான் செய்தாய் என்று கேட்பாவே என்பதற்காக என் முதல் மேஸையும் பார்சலில் அனுப்பினேன். துரை அளவு மேஸ். அதன் சோடி அப்போது ஊசியில் பாதியில் நின்றது. அம்மா அந்தக் கடிதத்துக்கு மாதக்கணக்காகப் பதில் போடவில்லை. கொடிகாமத்து மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் கலியாணம் முற்றாகிவிட்டது என்று தங்கச்சிதான் எழுதினாள். நான் அன்றைக்கு ஒரு கவளமும் சாப்பிடவில்லை. மாப்பிள்ளைக்காக அல்ல, அம்மா பேசாமல் இருந்ததற்காக.

போன கிழமை பதில் வந்தது. அம்மாவின் கையெழுத்து, நாலே வரி.

"கிணத்தடி மாதுளையிலை ஒரு காய் விட்டிருக்கு. உன்ரை மேஸைத்தான் போட்டுக் கட்டியிருக்கிறன். அணில் கிட்டவும் வரேல்லை. மற்றதையும் கொண்டு வா. அனுப்பாதை, கொண்டு வா."

அந்த மற்றதை இந்த மாசியில் பின்னி முடித்துவிட்டேன். சித்திரை லீவுக்கு இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. வெளியே மழை. மஞ்சள் மேஸ் ஒன்று சாவகச்சேரி வெயிலில் மாதுளங்காயைப் பொத்திக்கொண்டு தொங்குகிறது. அதன் சோடிக்குள் என் இரண்டு கால்களையும் ஒன்றாக விட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன். இப்படி விட்டால் குளிர் கொஞ்சமும் தெரிவதில்லை. எழுந்து நடக்கத்தான் முடியவில்லை.