டன்ட்ராவில் தென்னை மரம்

இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. அப்போது எனக்கு ஒன்பது வயது, நியூசிலாந்தில், ஆக்லாந்து நகரத்து மனுரேவாவில் இருந்தோம். அப்பா பக்கத்துப் பேட்டையான விரியில் வேலை பார்த்த கிடங்கிலிருந்து கொண்டுவந்த அட்டைப்பெட்டி மூடியில், பள்ளிக்கூடத்துக்காக ஒரு டன்ட்ரா செய்துகொண்டிருந்தேன். மரமே முளைக்காத குளிர்ப் பூமி அது. அங்கே கணுக்கால் உயரம்கூட வளராத குத்துச்செடிகள், பனி மூடுவதற்கு முன் கொஞ்ச நாள் சிவப்பும் ஆரஞ்சும் மஞ்சளுமாகத் தரையையே மாற்றிவிடும். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைப் பிய்த்து, சாயம் தோய்த்து, ஒவ்வொரு செடியாக ஒட்டினேன். விடுமுறை முழுக்க அதே வேலைதான். பள்ளி திறந்ததும் வகுப்பில் காட்ட வேண்டும்.

கடைசி ஞாயிறு, நீச்சல் வகுப்பு முடிந்து வந்து பார்த்தால் டன்ட்ராவைக் காணோம். ஹாலில் அம்மா வைத்திருந்த கொலுவின் கீழே, பார்க் ஆகிக் கிடந்தது. எல்லாச் செடிக்கும் பச்சைப் பெயின்ட். பேருக்குக்கூட ஒரு சிவப்பு இல்லை. நடுவில் பிளாஸ்டிக் தென்னை மரம் இரண்டு வேறு! செய்தது அப்பாவின் தங்கை, சில வாரமாக எங்களோடு தங்கியிருந்த அத்தை. கையில் பிரஷ்ஷோடு, நல்ல காரியம் செய்துவிட்ட முகத்தோடு நின்றாள்.

நான் ஆங்கிலத்தில் கத்தினேன். பெரியவர்களிடம் என்ன பேச்சு என்று அம்மா என்னையே அதட்டினாள். அப்பா டிவி சத்தத்தைக் கூட்டினார். என் டன்ட்ரா நாசமானதைப் பற்றி ஒருத்தருக்கும் கவலை இல்லை.

அத்தை மட்டும் மெதுவாகச் சொன்னாள். “எல்லாம் பட்டுப்போன மாதிரி இருந்துச்சு கண்ணு. கொலு வச்ச வீட்ல அது வேண்டாம்னு பாத்தேன்.”

வந்த கோபத்தில் எனக்குத் தமிழே வந்துவிட்டது. “அது சாகல அத்தை. இலைதான் கொட்டும். வேரு உயிரோடதான் இருக்கும். அடுத்த வருஷம் திரும்ப வரும்.”

“நெசமாவே திரும்ப வருமா?”

“வரும்னா வரும்.”

அத்தை பிரஷ்ஷை வைத்துவிட்டுப் போய் பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டாள். குழாய் வெகுநேரம் ஓடியது. பெயின்ட் கழுவ இவ்வளவு தண்ணீரா என்று அதற்கும் முணுமுணுத்தேன்.

அத்தைக்கு உடம்பு சரியில்லை, ஓய்வுக்கு வந்திருக்கிறாள் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். ஆறாம் மாதத்தில் அவள் குழந்தை வயிற்றிலேயே தவறிப்போனதை, என் கல்யாணத்துக்குப் பிறகுதான் அம்மா வாய் திறந்து சொன்னாள். அன்றைக்கே சொல்லித் தொலைத்தால் என்ன? அந்த வீட்டுப் பெரியவர்கள் அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். அத்தை கேட்டதற்குப் பதில் சொல்ல, ஒன்பது வயதுக்காரி நான்தான் அகப்பட்டேன்.