அரிசி மூட்டையின் சாட்சி

ஸ்ரனிஸ்லாஸ், புனித அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்திருக்கிறார் என்பதுதான் அந்த மாதம் கொழும்பு கொட்டாஞ்சேனையின் புதுக்கதை. செவ்வாய்க்கிழமை தோறும், நவநாள் கூட்டத்துக்கு நடுவே, ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் கொழுவிக்கொண்டு, மோட்டார் சைக்கிளை உருட்டியபடி கொச்சிக்கடைக் கோயிலைக் கடக்கிறாராம். மனைவி இறந்து போய் ஒன்பது வருடம், மகள் மெல்பேர்னில். நேர்த்தி எதற்கு? இரண்டாம் கல்யாணத்துக்கு என்றார்கள் சிலர். கிட்னிக்கு என்றார்கள் மற்றவர்கள்.

விசாரித்துப் பார்த்தால், விஷயம் பிரேக்.

துறைமுகப் பக்கத்துக் கந்தோர் ஒன்றில் கிளாக்கரான அவர், வெள்ளவத்தையில் ஓர் ஏஜென்சியில் பைக்கைச் சேர்விசுக்கு விட்டார். பிரேக் நன்றாகத்தான் இருந்தது. அதையும் திருத்திக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து முன் பிரேக், தனியே போனால் பத்துத் தடவை பிடிக்கும், பதினோராவது தடவை யோசிக்கும். பாரம் ஏற்றினால் யோசிப்பதே இல்லை. அந்தப் பதினோராவது தடவை கோயில் கூட்டத்துக்குள் வந்துவிடக் கூடாதே என்றுதான் இறங்கி உருட்டினார்.

மூன்று முறை ஏஜென்சிக்குப் போனார். அங்கே பொறுப்பாக இருந்த தனஞ்சயன் மூன்று முறையும் பைக்கில் தெருவை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தான்.

“பிரேக் திறம் அங்கிள். உங்களுக்குத்தான் மனப்பயம்.”

“இருபத்தஞ்சு கிலோ அரிசி மூட்டையோட ஜம்பட்டா வீதி இறக்கத்தில வந்தனான் தம்பி. நிக்கேல்ல.”

“அரிசி மூட்டை வந்து சொல்லுமே? ஒராளைப் பின்னால வைச்சு ஓடிப் பாருங்கோ. அவையும் சொன்னா கழட்டிப் பாக்கிறன். திருத்தினதுக்கு உத்தரவாதம் மாசக் கடைசி மட்டும்தான்.”

மாசக் கடைசிக்கு ஐந்து நாள் இருந்தது. தனியாளுக்கு எதற்கு இருபத்தைந்து கிலோ என்று தனஞ்சயன் கேட்கவில்லை. மனைவி காலத்துப் பழக்கம். வண்டு விழுந்ததும் பாதியைக் கொட்டிவிடுவார்.

போனிலிருந்த பெயர்களை மேலிருந்து கீழாக இரண்டு தரம் பார்த்தார். கந்தோர்க்காரர்களிடம் சொந்த பைக் இருந்தது. மகள் அழைத்தபோது, “பைக் நல்லா ஓடுது” என்றார். பின் இருக்கைக்காரர் கால் வைக்கும் கம்பி மடிந்தபடியே துருப்பிடித்துக் கிடந்தது. மண்ணெண்ணெய் விட்டு அதை விரிக்கவே ஒரு பின்னேரம் போயிற்று.

நான்காம் நாள் தன் வீட்டுக்கு மேல் மாடி ஏறினார். அங்கே குடியிருக்கும் தையல்காரி அருள்நாயகி மெஷினுக்கு முன்னால் இருந்தாள். இரண்டாம் கல்யாணக் கதைக்குத் தாயும் அவளே.

“ஒருக்கா பைக்ல பின்னால இருப்பீங்களா?”

அவள் வாயிலிருந்த குண்டூசியை எடுத்தாள். “உங்கட நேர்த்தியை அந்தோனியார் இவ்வளவு கெதியாக் கேட்டிட்டாரா, மிஸ்டர் ஸ்ரனிஸ்லாஸ்?”

“பிரேக் பிடிக்குதில்ல. சாட்சிக்கு ஆள் வேணும்.”

“பிரேக் இல்லாத பைக்ல என்னை ஏறச் சொல்றீங்க.”

“பின் பிரேக் இருக்கு.”

“நான் அறுபத்தெட்டுக் கிலோ.”

“அது நல்லது” என்றார் ஸ்ரனிஸ்லாஸ், உண்மையாகவே.

ஜம்பட்டா வீதி இறக்கத்தில் முன் பிரேக் பஞ்சாகிப் போனது. பின் பிரேக் அலறியது. “அந்தோனியாரே, ரெண்டு பேரும் வந்து மெழுகுதிரி கொளுத்துறம்” என்று அருள்நாயகி அவருடைய சேர்ட்டைக் கொத்தாகப் பிடித்தாள். வடை வண்டிக்கு ஒரு முழம் முன்னால் பைக் நின்றது.

வெள்ளவத்தைக்கு அவள் பஸ்ஸில்தான் வந்தாள். ஆனால் வந்து அரை மணித்தியாலம் சாட்சி சொன்னாள். தனஞ்சயன் முன் பிரேக்கைக் கழற்றினான். எண்ணெய்க் குழாய்க்குள் காற்று; திருத்தியவர்கள் வெளியேற்ற மறந்த காற்று. பத்து நிமிட வேலை.

திரும்பும்போது அவள் பின்னால் ஏறினாள். பிரேக் அருமையாகப் பிடித்தது. சேர்ட்டை யாரும் பிடிக்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்த செவ்வாய் அவர் இரண்டு மெழுகுதிரியோடு மாடி ஏறினார். கல்யாண பிளவுஸ் ஏழு தைக்க இருக்கிறது, அடுத்த கிழமை பார்ப்போம் என்றாள். அதற்கடுத்த கிழமை ஒன்பது இருந்தது.

இப்போதும் செவ்வாய்களில் அவர் கோயிலடியில் இறங்கி உருட்டுகிறார். ஏன் என்று விசாரித்தால் பிரேக் என்கிறார். மெழுகுதிரிகள் பைக் பெட்டிக்குள் வெயிலில் வளைந்து கிடக்கின்றன. தனியே கொளுத்த அவருக்கு மனமில்லை. ரெண்டு பேரும் என்றல்லவா சொன்னது. அந்தோனியாருக்கு இன்னும் பாக்கி.