ருசி பார்க்காத உப்பு

இருபத்திரண்டு வருஷமாகப் பள்ளிக்கூட ஆய்வகத்தில் குடுவை கழுவிக் கழுவித் தேய்ந்த கைகள் அவளுடையவை. கணவன் கண்ணை மூடியபிறகு ஒற்றை மகனை அந்தச் சம்பளத்தில்தான் ஆளாக்கினாள். பிள்ளைகளுக்கு அவள் 'குடுவையக்கா'.

போன மாதம் அதே ஆய்வகத்துக்கு அறிவியல் டீச்சராக வந்து சேர்ந்தாள் அவள் மருமகள்! "சண்டை வந்தா குடுவைதான் பறக்கும்" என்று ஆசிரியர் அறையில் ஒரே கேலி.

சண்டை வரவில்லை. ஒரு வார்த்தைதான் வந்தது. பிரித்தெடுக்கும் சோதனைக்காக மணலோடு கலக்குமுன் உப்புதானா என்று நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பது மாமியாரின் பழக்கம். "லேப்ல எதையும் வாயில வைக்கக் கூடாது அத்தை. பசங்க பாக்குறாங்கல்ல" என்றாள் மருமகள். நியாயம்தான். ஆனாலும் சுருக்கென்று தைத்தது.

மறுநாள் மருமகளின் ஆறாம் வகுப்புப் பாடத்தைப் பார்க்கத் தலைமையாசிரியை வந்து உட்கார்ந்தார். அவர் திருப்திப்பட்டால்தான் மருமகளின் வேலை நிலைக்கும்.

மாமியார் கலந்து வைத்திருந்த மணல், உப்புக் கலவையில் தண்ணீர் ஊற்றிக் கலக்கினாள் மருமகள். மணல் அடியில் தங்கியது. வடிதாளில் தெளிந்த நீர் சொட்டுச் சொட்டாய் இறங்கியது.

"இதைக் காய்ச்சினா என்ன மிஞ்சும்?"

"உப்பு டீச்சர்!"

தண்ணீர் வற்றியது. கிண்ணத்தில் மிஞ்சியது பழுப்பாய்க் கொப்பளித்து, கரியாய்ப் புகைந்தது. வகுப்பெங்கும் இனிப்பு வாசனை!

"டீச்சர், எங்களுக்கு மிட்டாயா?"

எல்லோரும் சிரித்தார்கள். மருமகளின் முகம் வெளிறியது. தலைமையாசிரியையின் பேனா நின்றது.

குடுவையக்கா ஜாடிகளைத் திரும்பிப் பார்த்தாள். ஐயோ, உப்பென்று அவள் எடுத்துக் கலந்தது பக்கத்து ஜாடியில் இருந்த பொடித்த சர்க்கரை!

"தப்பு என்னோடது மேடம். ஜாடில பேரு எழுதின சீட்டு உரிஞ்சு போச்சு. நாக்குல வைக்கக் கூடாதுன்னு மருமக சொன்னா, வைக்கல. அவ வேலைல கை வச்சிடாதீங்க!"

"சீட்டு ஒட்ட வேண்டியது நான்தானே அத்தை?" மருமகள் அடுப்பை அணைத்துவிட்டுப் பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். "ருசி பாக்காமலே இது உப்பு இல்லைன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"கருகிடுச்சே!"

"வாசனை டீச்சர்!"

"அப்ப இதையும் பாத்துடலாம். அத்தை, அந்த இன்னொரு ஜாடியைக் கொண்டு வாங்க."

மாமியார் அடுப்பை மறுபடி பற்ற வைத்து, ஒரு சிட்டிகையைக் கரண்டியில் எடுத்துச் சூடு காட்டினாள். படபடவென்று பொரிந்தது. வெள்ளை மாறவில்லை. அவள் கண்கள் நிறைந்து வழிந்தன.

"போதும் அத்தை, இதுல வேற உப்பு கலந்துடப் போகுது" என்று மருமகள் கிசுகிசுத்தாள். சொன்னவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

தலைமையாசிரியையின் பேனா மறுபடி ஓடியது.

"அடுத்த வருஷமும் ஆறாம் வகுப்பு உங்களுக்குத்தான் டீச்சர்" என்றார்.