நடு நெற்றியில் ஒரு பொட்டு

பிள்ளைகளா, நேற்று நீங்கள் ஸ்கூல் சார்ட்டில் ஒட்டிய கிரீஸ் வீரனின் படத்தை நான் தொடப்போனதும், "அப்பா, டோன்ட் டச்! பசை காயல" என்று கத்தினீர்களே, அந்த மாதிரி ஒருவனை எனக்கு முன்பே தெரியும். எட்டாவதோடு நின்ற அப்பனுக்குக் கிரீஸ் விடுதலைப் போர் எப்படித் தெரியும் என்று சிரிக்காதீர்கள்.

அதே முறுக்கு மீசை, தோளில் புரளும் முடி, இடுப்பில் வாள். மஸ்கட்டில் இந்த ரூவிக்கு வருமுன், சவூதியில் தம்மாம் துறைமுக சைட்டில் எனக்கு ஆபீஸ் கேபின் துடைக்கிற வேலை. போர்மேன் கிரீஸ்காரர். அவர் மேசைக்கு மேலே அப்படியொரு படம், கண்ணாடி போடாத வெறும் காகிதம். என் ரூம்காரன் முத்து எட்டிப் பார்த்துவிட்டு, "டேய், நம்ம எல்லைச்சாமிடா! பாஸ்போர்ட் இல்லாம வந்து உக்காந்துட்டாரு பாரு" என்றான். அவன் சொன்னது கேலிக்கு. நான் நம்பிவிட்டேன். என் புத்தி அவ்வளவுதான்.

அங்கே சாமி கும்பிடுவதெல்லாம் ரூமுக்குள், சத்தமில்லாமல். குங்குமத்தைத் தைல டப்பாவில் வைத்திருப்பேன். இன்றைக்கும் தைல வாசம் வந்தால் கை தானாகக் கும்பிடப் போகும். ஓர் ஆடிச் செவ்வாயில் கேபினைத் துடைத்து முடித்து, படத்தின் நெற்றியில் பொட்டு வைத்தேன்.

போர்மேன் வந்தார். படத்தைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"யே கோன் கியா?" யார் செய்தது என்று அரைகுறை இந்தியில் கேட்டார்.

கலாஸ், கதை முடிந்தது, விசா கொடுத்த கபீலிடம் சொல்லி ஊருக்கு ஏற்றிவிடுவார் என்று நினைத்தேன். அப்போதுதான் உங்கள் அத்தைக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தோம்.

"நான்தான் சார்."

அவர் கத்தவில்லை. "உனக்கு யார் சொன்னது?" என்றார். தன் நடு நெற்றியில் விரலை வைத்தார். "இவனை இங்கேதான் சுட்டார்கள்."

படத்தில் இருப்பவர் அவருடைய பாட்டனாருக்குப் பாட்டனாரோடு கூடப் பிறந்தவராம். மலைநாட்டுச் சின்னத் தலைவன். துருக்கி சுல்தானை எதிர்த்து ஆள் திரட்டியவன். சாகும்போது இருபத்துநாலு வயது.

"துருக்கிக்காரங்களா சார் சுட்டாங்க?"

"நஹி. ஹமாரா ஆத்மி."

சொந்த ஆட்கள். யார் பெரியவன் என்று தங்களுக்குள் சண்டை. கூடச் சாப்பிட்டவனே சுட்டானாம். இப்போது அந்த ஊரில் அவனுக்குச் சிலை, வருஷா வருஷம் மாலை.

எங்கள் எல்லைச்சாமி மனிதனாக இருந்தபோது அவரை வெட்டியதும் உள்ளூர்க்காரர்கள்தான். வெட்டின வகையறாதான் இன்றும் முதல் பொங்கல் வைக்கிறது. சின்ன வயதிலிருந்து கும்பிட்டேன், ஒருநாளும் உறைத்ததில்லை.

பொட்டைத் துடைக்கப் போனேன். "சோடோ", இருக்கட்டும் விடு என்று தடுத்துவிட்டார்.

நாங்கள் தங்கியிருந்த கேம்ப் இருந்த இடத்தில் இப்போது குடோனாம். முத்துவின் நம்பர் தொலைந்துவிட்டது. படத்தைச் சுருட்டிக்கொண்டு லீவில் போன போர்மேன் திரும்பவே இல்லை.

இன்று காலை நீங்கள் சார்ட்டை வீட்டில் காயவிட்டு ஸ்கூல் பஸ் ஏறியதும் தைல டப்பாவைத் திறந்தேன். விரல் பழக்கத்தில் உங்கள் படத்தின் நெற்றிக்குத்தான் போனது. அந்தக் குண்டு நினைவுக்கு வர இழுத்துக்கொண்டு, பொட்டைக் காலடியில் வைத்தேன்.