அங்கால, இஞ்சால, நடுவால

என் பேரன் குனிந்து சம்பாதிக்கிறான். இதை நான் கோயிலில் பெருமையாகச் சொன்னபோது பக்கத்தில் நின்ற பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெடியன் ஏதோ கூடாத தொழில் செய்கிறான் என்று நினைத்திருப்பார். பிறகு விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது.

அது அமெரிக்கன் ஃபுட்பால். இங்கே ஜெர்மனியில் சனம் காலால் உதைக்கிற விளையாட்டு இல்லை. இதிலே பந்து இரண்டு பக்கமும் கூராக, உரிக்காத தேங்காய் மாதிரி இருக்கும். ஐந்து தடியர்கள் வரிசையாக நிற்பார்கள். நடுவில் நிற்கிறவன் குனிந்து, பந்தைக் காலுக்கிடையால் பின்னுக்குக் கொடுப்பான். பின்னால் நிற்கிறவன் அதை வாங்கித் தூர எறிவான். எறிகிறவன் எப்போதும் வடிவானவன், பேப்பரில் அவனுடைய படம்தான் வரும். அவன்மேல் யாரும் வந்து விழாமல் மறிப்பதுதான் இந்த ஐந்து பேரின் வேலை. நடுவில் குனிகிறவன் என் மகளுடைய மகன். ஆகவே பேரனைப் பார்க்க மைதானத்துக்குப் போகிறேன் என்று நான் சொன்னாலும், பார்ப்பது பெரும்பாலும் அவனுடைய பின்பக்கத்தைத்தான். அது நான் சோறு போட்டு வளர்த்த பின்பக்கம். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

எங்கள் நகரத்து அணியில் அவன் இரண்டு வருடம் விளையாடக் கிடைக்காமல் ஓரத்து வாங்கிலில் குந்தியிருந்தான். போன வசந்தத்தில் நடுவில் நின்றவனுக்கு முழங்கால் போய்விட்டது. இடம் காலியானது. பேரனுக்கும் இன்னொரு பெடியனுக்கும் போட்டி. நானோ கேட்டவர்கள் கேளாதவர்கள் எல்லோருக்கும் என் பேரன்தான் நடுவில் என்று சொல்லி முடித்துவிட்டேன். முதலாவது ஆட்டத்துக்குக் கோயில் சனமெல்லாம் டிக்கெட் எடுத்து, ஒரு வான் வண்டியும் பிடித்துவிட்டார்கள். அவன் வாங்கிலில் இருந்தால் நான் கோயிலை மாற்ற வேண்டும்.

அந்த வருடம்தான் புதுக் கோச் வந்தார், அமெரிக்காக்காரர். அவருடைய குரலை ட்ராமில் இருந்து இறங்கும்போதே கேட்கலாம். தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, ஒவ்வொருவனுடைய மூக்கோடு மூக்கு வைத்துத்தான் கதைப்பார். ஒருவன் பிழை விட்டால் எல்லோரையும் ஓடச் செய்வார். ஓடுகிறவர்கள் பிழைவிட்டவனை வெறுக்க வேண்டும், அந்த வெறுப்பில் அவன் திருந்த வேண்டும், அதுதான் அவருடைய முறை. ஒரு சின்னப் பெடியன் அழுதுகொண்டு போனவன், திரும்பி வரவே இல்லை. அவனைப் பற்றிக் கோச் ஒரு சொல் கதைத்ததை நான் கேட்கவில்லை.

என் பேரனிலே கோச் கண்ட குறை, வாய் இல்லை என்பது. எதிர்ப்பக்கத்தான் எந்தப் பக்கத்தால் பாயப்போகிறான் என்று பார்த்து, மற்ற நாலு பேருக்கும் கத்திச் சொல்ல வேண்டியது நடுவில் நிற்கிறவன்தான். இவனுக்குப் பார்க்கத் தெரியும். கத்தத்தான் வராது. காரணம் இடப்பக்கத்தில் நின்ற ஜெர்மன்காரர். அணியிலேயே மூத்தவர், தாடி நரைத்தவர். வீட்டில் அவரைப் பற்றிப் பேசும்போது பேரன் அண்ணை என்றுதான் சொல்லுவான். அந்த அண்ணையைப் பார்த்து அங்கே போ, இங்கே பார் என்று இவனால் கட்டளை போட முடியவில்லை. மெதுவாக அவருடைய முழங்கையைத் தொட்டு, "இந்தப் பக்கம் ஒருக்காப் பாருங்கோ" என்கிற பாவனையில் ஏதோ சொல்லுவான். அவன் சொல்லி முடிப்பதற்குள் எதிர்ப்பக்கத்தான் உள்ளே புகுந்து, எறிகிறவனின் முன்னால் வந்து நின்று பல்லைக் காட்டுவான்.

அன்றைக்கு ட்ரெயினிங்கில் நான் வேலியோரம் இருந்தேன். கோச் ஓடி வந்தார்.

"நீ என்ன, பல் டொக்டரிட்ட வரவேற்பில நிக்கிறியோ? தயவுசெய்து உள்ள வாங்கோ எண்டு கூப்பிடுறாய்?"

பேரன் தலையைக் குனிந்தான். எங்கள் வீட்டில் பெரியவர்கள் ஏசும்போது நிலத்தைத்தான் பார்ப்போம், நிமிர்ந்து பார்த்தால் இன்னொன்று விழும். கோச்சுக்கு அது தெரியாது.

"என்னைப் பார். நான் கதைக்கேக்க என்னைப் பார்."

இவன் மரியாதையைக் கூட்டி, இன்னும் கொஞ்சம் குனிந்தான். கோச்சின் கழுத்து நரம்பு பாம்பு மாதிரி எழும்பியது. எல்லோரும் ஓடினார்கள். அந்த அண்ணை ஓடி முடித்து, வேலியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் என் மகள் தொடங்கினாள். அவள் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள், ஒருவரையும் அதட்டிப் பழக்கமில்லை.

"அம்மா, என்ர பிள்ளையைப் பார்த்து ஒருத்தன் நாய் மாதிரிக் குரைக்கிறான். நீங்கள் போயிருந்து சிரிக்கிறியளாம்."

"நான் சிரிக்காட்டி உன்ர பிள்ளை அழுதிருப்பான்."

"விட்டிட்டு வாடா. கரண்டு வேலைக்கு ஆஸ்பில்டுங் படிப்பு முடிச்சு வச்சிருக்கிறாய்தானே."

பேரன் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "சனிக்கிழமை கடைசிச் சோதனையாம். என்ர குரல் மைதானத்து மேல் வரிசைக்குக் கேக்காட்டி மற்றவன்தான் விளையாடுவான்."

"மேல் வரிசைக்கோ? வேலியோரம் இருக்கிற எனக்கே கேக்கேல்ல" என்றேன். "நான் காது மிஷின் பழுதாப் போச்செண்டெல்லோ பற்றறி மாத்தினனான்."

"அண்ணை பதினைஞ்சு வயசு மூப்பு, அம்மம்மா. அவரைப் பார்த்து என்னெண்டு கத்துறது?"

மகள் என் பக்கம் திரும்பினாள். "நீங்கள்தான் இப்பிடிப் பழக்கினியள்."

"நான் பழக்கினது சோறு தின்ன. அதை அவன் குறையில்லாமல் செய்யிறான்."

சிரித்தேனே தவிர, விட்டுவிட்டு வா என்று நான் சொல்லவில்லை. அவனுக்கு அந்த விளையாட்டு என்றால் உயிர். அவன் கரண்டு வேலைக்குப் போகும்போது நடக்கிற நடையும் மைதானத்துக்குப் போகும்போது நடக்கிற நடையும் ஒன்றில்லை.

அடுத்த ட்ரெயினிங்கிலும் அதே கதை. எல்லோரும் ஓடி முடித்து, அந்த அண்ணை நான் இருந்த இடத்துக்குக் கிட்டப் புல்லில் மல்லாக்கக் கிடந்தார். பேரன் போய்ப் பக்கத்தில் முழங்காலில் இருந்தான். அவர்கள் ஜெர்மனில் கதைத்தார்கள். எனக்கு விளங்கின மாதிரிச் சொல்லுகிறேன்.

"உங்களைப் பார்த்துக் கத்தினா உங்களுக்குக் கோவம் வராதோ?"

அந்த மனுஷன் ஒரு கண்ணைத் திறந்தார். "என்னது?"

"நீங்கள் மூத்தவர். உங்களுக்கு நான் ஓர்டர் போடேலாது."

"இதுக்கோ நான் இவ்வளவு நாளும் ஓடினனான்?"

சிரிக்கத் தொடங்கினவர் இருமலில்தான் நிறுத்தினார். "டேய், என்னைக் கழுதை எண்டு கூப்பிடு, பண்டி எண்டு கூப்பிடு. ஓட மட்டும் வைக்காத."

"ஏலாது."

"சரி, உன்ர மொழியில கத்து. எனக்கும் விளங்காது, உனக்கும் வெக்கமில்லை."

"விளங்காட்டி எப்பிடி மறிப்பியள்?"

"மூண்டு சொல்லுத்தானே. பாடமாக்கிறம்."

பேரன் விரலை மடக்கி எண்ணினான். பிறகு வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். இடப்பக்கம் என்றால் இஞ்சால. வலப்பக்கம் என்றால் அங்கால. நடுவில் புகுந்தால் நடுவால. அதிலே யாரையும் போ என்றும் இல்லை, வா என்றும் இல்லை. இடத்தைத்தான் சொல்லுகிறான், ஆளை ஏவவில்லை. அவனுடைய தோள் இறங்கினதை நான் கண்டேன்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா. "எடேய், ஆள் நிக்கிற இடத்தைப் பொறுத்தெல்லோ அங்காலயும் இஞ்சாலயும் மாறும்?"

"நான் நடுவில நிக்கிறன், அம்மம்மா. நான் மாறமாட்டன்."

சனிக்கிழமை நான் முழங்காலைப் பிடித்துப் பிடித்து மேல் வரிசைக்கு ஏறிவிட்டேன். கேட்காவிட்டாலும் கையைத் தூக்கிக் கேட்டது என்று சொல்வதென்று முடிவு கட்டிக்கொண்டுதான் ஏறினேன். அந்தப் பாவம் எனக்குத் தேவைப்படவில்லை. பேரன் குனிந்தான், எதிரே பார்த்தான், "இஞ்சால" என்று ஒரு கத்துக் கத்தினான். மரத்தில் இருந்த காகம் எழும்பிப் பறந்தது. நாலு தடியர்களும் இடப்பக்கம் சாய்ந்து ஒரு மதில் மாதிரி நின்றார்கள். பாய்ந்து வந்தவன் அதில் மோதி, வந்த வழியே போனான்.

கோச் விசிலை ஊதி எல்லோரையும் நிறுத்தினார். "அதென்ன சொல்லு?"

அண்ணை விளக்கினார். இந்த லீக்கில் ஆட்கள் ஒரு அணியில் இருந்து இன்னொரு அணிக்கு மாறிக்கொண்டே இருப்பார்கள், அதனால் ஒருவர் கத்துவது மற்றவருக்கு மனப்பாடம். இது ஒருவருக்கும் விளங்காது. கோச் நாடியைத் தடவினார். பிறகு மேலே என்னைக் காட்டினார்.

"அந்த மனுஷிக்குக் கேட்டதோ?"

நான் இரண்டு கையையும் தூக்கினேன்.

கோச்சுக்கும் ஆசை வந்துவிட்டது. ஓரத்தில் நின்று தானும் சொல்லிப் பார்த்தார். "இன்ஜலா." ஐஸ்கிரீமின் பெயர் மாதிரி இருந்தது. நான் எழும்பி நின்று ஜெர்மனில் சொன்னேன். "சத்தம் காணாது."

அவரிடம் ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை. தடியர்கள் எல்லோரும் புல்லைப் பார்த்துக்கொண்டு தோள் குலுங்க நின்றார்கள். கோச் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நெஞ்சை நிரப்பி, இரண்டு மடங்கு சத்தமாகச் சொன்னார். நான் பெரிய மனது பண்ணித் தலையாட்டினேன்.

பேரனுக்கு இடம் கிடைத்தது. ஆனால் கோச் ஒரு பூட்டுப் போட்டுத்தான் கொடுத்தார். ஆட்டத்தில் இந்தச் சொல்லால் ஒரு பிழை வந்தாலும் உடனே வெளியே, அதற்குப் பிறகு இந்த வருடம் உள்ளே இல்லை.

முதல் ஆட்டத்துக்குக் கோயில் சனம் முழுக்க வந்தது, வேண்டாம் என்று நின்ற என் மகளும் வந்தாள். நான் நடுவில் ராணி மாதிரி இருந்தேன். பக்கத்தில் இருந்த ஜெர்மன்காரருக்கு, பேரன் கத்தக் கத்த, "இப்ப இடப்பக்கத்தால வருவாங்கள், மறிப்பாங்கள் பாருங்கோ" என்று முன்கூட்டியே சொன்னேன். எல்லாம் அப்படியே நடந்தது. அந்த மனுஷன் கையில் இருந்த பியரைக் குடிக்காமல் என்னைச் சாமியார் மாதிரிப் பார்த்தார்.

கெடுத்தது என் சனம்தான். கொஞ்ச நேரத்தில் அவர்களுக்கும் இது பிடிபட்டுவிட்டது. மைதானத்தில் தமிழ் கேட்ட சந்தோஷத்தில் வாயைக் கட்ட முடியவில்லை. ஆட்டம் முடியப் போகிற நேரம், நாங்கள் புள்ளியில் கொஞ்சம் பின்னுக்கு. பேரன் "இஞ்சால" என்று கத்த, எங்கள் வரிசையில் இருந்த ஒரு பெரியவர் எதிர்ப்பக்கத்தான் அசைந்ததைத் தானே கண்டுபிடித்து, "அங்கால, அங்கால" என்று கத்தினார். அவரோடு சேர்ந்து முழுக் கோயிலும் கத்தியது. வலப்பக்கத்துத் தடியன் பாவம், எந்தத் தமிழை நம்புவது? அவன் அங்கால திரும்பினான். இஞ்சால ஒருவன் வந்து, எங்கள் வடிவான பெடியனைப் பாய் மாதிரி நிலத்தில் விரித்தான்.

கோச் தொப்பியைக் கழற்றி எறிந்தார். பேரனைக் கூப்பிட்டு, மூக்கோடு மூக்கு வைத்து, வெளியே போ என்று கையைக் காட்டினார். மற்றப் பெடியன் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு எழும்பினான்.

பேரன் தலையைக் குனியவில்லை. கோச்சின் கண்ணைப் பார்த்தான். நாங்கள் எல்லோரும் கேட்கக் கத்தினான்.

"நான் சரியாத்தான் சொன்னனான். பிழை விட்டது மேல இருக்கிற எங்கட சனம். நான் போகமாட்டன்."

அண்ணை வந்து பேரனின் பக்கத்தில் நின்றார். பிறகு மற்ற மூன்று தடியர்களும் வந்து நின்றார்கள். கோச் ஐந்து பேரையும் பார்த்தார், எங்கள் வரிசையைப் பார்த்தார், தொப்பியைப் பொறுக்கி எடுத்தார். மற்றப் பெடியனை இருக்கச் சொன்னார்.

நான் எழும்பி என் சனத்தைப் பார்த்தேன். "இனி ஆரும் வாய் திறந்தியளோ, வானில ஏத்தமாட்டன். நடந்துதான் வீட்ட போகோணும்."

எல்லோரும் கையால் வாயைப் பொத்தினார்கள். அங்கால அங்கால என்று தொடங்கின பெரியவர் சால்வையையே வாய்க்குள் வைத்துக்கொண்டார்.

கடைசி முறை. பேரன் குனிந்தான். அந்தப் பெரிய மைதானத்தில் எனக்கு ஒரு குரல்தான் கேட்டது. "நடுவால." ஐந்து பேரும் ஒன்றாக நெருங்கினார்கள். வந்தவர்கள் வந்து மோதினார்கள், மதில் அசையவில்லை. வடிவான பெடியன் ஆறுதலாக நின்று, தலையைக் கூடக் கோதியிருப்பான், அவ்வளவு நேரம் இருந்தது, பந்தை எறிந்தான். அது வளைந்து வளைந்து போய், ஓடிக்கொண்டிருந்த எங்கள் பெடியனின் கையில், கோட்டுக்கு அந்தப் பக்கத்தில், புள்ளி கிடைக்கிற இடத்தில் விழுந்தது. வென்றுவிட்டோம். நான் கையைக் காட்டினேன், சனம் வாயைத் திறந்தது. பக்கத்தில் இருந்த ஜெர்மன்காரர் பியரை என் சேலையில் ஊற்றிவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தார். நானும் விடவில்லை.

பிறகு வேலியோரம் இறங்கிப் போனேன். மகள் எனக்கு முன்னமே போய் மகனின் கழுத்தில் தொங்கிக்கொண்டு நின்றாள். கோச் வந்தார். கெட்டிக்காரன் என்று சொல்லவில்லை, கை கொடுக்கவும் இல்லை.

"திங்கட்கிழமை நேரத்துக்கு வா" என்றார்.

பேரன் நிமிர்ந்து பார்த்தான். "நான் எப்பவும் நேரத்துக்குத்தான் வாறனான். நீங்கள் இனி என்ர பிழைக்கு அண்ணையை ஓட வைக்காதேங்கோ. நான் ஓடுறன்."

கோச் தொப்பியைப் போட்டுக்கொண்டு, "சரி" என்றார். சின்னச் சத்தம்தான், ஆனால் எனக்குக் காது மிஷின் இல்லாமலே கேட்டது.