ஆறாம் படுக்கையின் திரை

செவ்வாய்க்கிழமை முற்பகலில் இடலீனா துடைப்பத்தோடு மாடி அறைக்குள் நுழைந்தபோது ஆறாம் படுக்கையின் திரை மூடியே கிடந்தது. திங்களன்றும் அப்படித்தான் கிடந்தது. அதில் வியக்க ஒன்றுமில்லை. அந்த அறையின் எட்டுத் திரைகளும் இப்போதெல்லாம் பெரும்பாலும் மூடியேதான் இருக்கும். அவளை நிறுத்தியது திரை அல்ல, அதன் அடியில் இருந்த காலணிகள். நெடுவழி நடப்பவர்கள் அணியும் கனத்த காலணிகள். ஞாயிறு மாலை மழையில் ஊறி வந்தவற்றுக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, முனை சுவரைப் பார்க்கும்படி வைத்தவளே அவள்தான். திணித்த தாள் அப்படியே இருந்தது. காலணியும் வைத்த இடத்தை விட்டு நகரவில்லை.

அவை மத்தேய் என்ற ஸ்லோவாக்கிய இளைஞனுடையவை. விடுதி இருந்த போர்த்துகலின் போர்த்தோ நகரிலிருந்து வடக்கே ஸ்பெயினின் சந்தியாகு பேராலயம் வரை நடந்தே போகும் யாத்திரிகர்களில் அவனும் ஒருவன். குதிகால் கொப்புளம் ஆறட்டும், புதன் காலை கிளம்புகிறேன் என்று சொல்லியிருந்தான். அன்றிரவு இடலீனா நீட்டிய சோளரொட்டியில் ஒரு விள்ளல் தின்றுவிட்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தான்.

"வயிறு ஒரு மாதிரியா இருக்கு டோனா இடலீனா. நாளைக்குச் சாப்பிடறேன்."

அந்த நாளை வந்து போய், அதற்கடுத்த நாளும் நடுப்பகலைத் தொட்டுக்கொண்டிருந்தது. ரொட்டி சமையலறையில் துணி மூடியபடி காய்ந்துகொண்டிருந்தது.

இடலீனா கெய்ரோஷுக்கு வயது ஐம்பத்தாறு. மத்தோசீன்யுஷ் துறைமுகத்தில் மத்தி மீனை டப்பியில் அடுக்கும் ஆலை மூடப்பட்டபோது வேலையிழந்தவர்களில் ஒருத்தி. ஆற்றை நோக்கிச் சரியும் தெருவில், நீல ஓடு பதித்த பழைய வீடொன்றை இரண்டு நண்பர்கள் பயணியர் விடுதியாக்கியபோது, துணி துவைக்க வந்து சேர்ந்தாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் அவள் தொடாத வேலையில்லை. அப்போது வரவேற்பு மேசைக்குப் பின்னால் ஒரு பலகையில் சாவிகள் தொங்கும். வெளியே போகிறவர்கள் சாவியை மாட்டிவிட்டுப் போவார்கள். பலகையை ஒருமுறை பார்த்தாலே யார் உள்ளே, யார் வெளியே என்பது தெரிந்துவிடும். புதிதாக வந்தவர் யாரானாலும் முதல் மாலை உருளைக்கிழங்கு உரிக்க வேண்டும் என்பது அந்த வீட்டின் வழக்கம். சூப் கொதித்ததும் இடலீனா அகப்பையால் அலுமினிய மூடியைத் தட்டுவாள். நான்கு மாடிகளிலிருந்தும் தடதடவென்று இறங்கி வருவார்கள். ஆங்கிலம், ஸ்பானியம், கொஞ்சம் போலிஷ் வசைமொழி எல்லாம் அந்தச் சமையலறை மேசையில் அவள் கற்றுக்கொண்டவையே.

பிறகு விடுதி கைமாறியது. லிஸ்பனில் இருந்தபடியே மூன்று விடுதிகளை நடத்தும் நூனோ வலடாரெஷ் இதையும் வாங்கினான். வாசலுக்கு எண் அழுத்தும் பூட்டு வந்தது. வரவேற்பு மேசையும் சாவிப் பலகையும் போயின. பயணிகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஒரு தானியங்கிச் செய்தி எண் வந்தது. கட்டில்கள் ஒவ்வொன்றும் மரப்பெட்டி போலாகி, உள்ளே விளக்கும் மின்செருகியும் முன்னால் கனத்த சாம்பல்நிறத் திரையும் பெற்றன. விடுதிக்கு வருபவர்களும் மாறியிருந்தார்கள். பகலெல்லாம் திரைக்குள் மடிக்கணினியோடு வேலை பார்க்கிறவர்கள் அதிகம். மேசையைச் சுற்றி உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரிக்க அவர்களுக்கு நேரமில்லை. யாரும் வகுக்காமலே ஒரு சட்டம் அங்கே வேரூன்றியது: மூடிய திரை என்றால் பூட்டிய கதவு. அதைத் தொடக்கூடாது, அதன் முன் பேசக்கூடாது, உள்ளிருப்பவர் இருக்கிறாரா என்றுகூடக் கேட்கக்கூடாது.

இலையுதிர்காலத்தில் இடலீனா அந்தச் சட்டத்தை ஒருமுறை மீறியிருந்தாள். விரிப்பு மாற்றுவதற்காகத் திரையை இழுத்தபோது, மேலே கழுத்துப்பட்டியும் கீழே வெறும் உள்ளாடையுமாக ஒருவர் தன் அலுவலகத்தாரோடு மடிக்கணினியில் முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். அலுவலகமே இடலீனாவைப் பார்த்தது. அதற்கு எழுத்துமூல எச்சரிக்கை கிடைத்தது. இன்னொரு முறை திரையைத் தொட்டால் வேலை இருக்காது என்பதை நூனோ மரியாதையாக, ஆனால் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லியிருந்தான். அவள் குடியிருந்த கட்டடமும் விற்கப்பட்டு, வாடகை ஏறிக்கொண்டிருந்த காலம் அது. இந்த வயதில் வேறு வேலைக்கு எங்கே போவது?

ஆகவே முதலில் அவள் மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பதிலில்லை. மரத்தில் விரலால் தட்டினாள். அதற்கும் பதிலில்லை. அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அந்த அறையில் பாதிப்பேர் காதை அடைத்துக்கொண்டுதான் கிடப்பார்கள்.

மேல் படுக்கையின் திரை அரைச்சாண் விலகியது. இரண்டு வாரமாகத் தங்கியிருந்த டச்சுப் பெண் ஆனெலீஸ், சத்தம் வேண்டாம் என்று சைகை காட்டினாள். கீழே இருப்பவனைப் பார்த்தாயா என்று இடலீனா தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"பார்க்கலை. நேத்து முனகற சத்தம் கேட்டுச்சு. ஏதோ கெட்ட கனவாக்கும்னு நினைச்சேன். காதுல பஞ்சு வெச்சுக்கிட்டுத் தூங்கிட்டேன்."

"இன்னிக்கு?"

"இன்னிக்கு ஒண்ணும் கேக்கலை." அவளே தன் பதிலைச் சற்று யோசித்தவள்போல நிறுத்தினாள். "நல்லாயிட்டாரு போல."

இடலீனா மாடிப்படிக்கு வந்து லிஸ்பனுக்குத் தொலைபேசினாள். நூனோ பொறுமையாகத்தான் கேட்டான். காலணி விஷயத்தைச் சொன்னாள், ரொட்டியைச் சொன்னாள், முனகலைச் சொன்னாள்.

"வேற செருப்பு போட்டுக்கிட்டு வெளிய போயிருப்பான், டோனா இடலீனா."

"பூட்டுல பார்த்துச் சொல்லுங்களேன், செனோர் நூனோ. உள்ள இருக்கானா வெளிய போனானான்னு."

"பூட்டு உள்ள வர்றதைத்தான் காட்டும். வெளிய போறதைக் காட்டாது. ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் அவன் எண் பதிவாகலை. வேற யாராவது கதவு திறக்கறப்ப கூடவே நுழைஞ்சிருக்கலாம். தயவுசெஞ்சு திரையைத் தொடாதீங்க. போன தடவை நான் எவ்வளவு பேருக்குப் பதில் சொன்னேன்னு உங்களுக்கே தெரியும். நாளைக்குக் காலி பண்ணணும், அப்பத் தானா எழுந்து வருவான்."

அழைப்பு முடிந்தது. மழை கண்ணாடியில் அடித்துக்கொண்டிருந்தது. இடலீனாவுக்கு வானியா என்று ஒரே மகள். லக்ஸம்பர்க்கில் முதியோர் இல்லமொன்றில் வேலை. யார் யாரோடோ ஒரு வீட்டைப் பகிர்ந்து, தன் அறைக்கதவை மூடிக்கொண்டு வாழ்கிறாள். அந்தக் கதவை யாராவது தட்டுவார்களா என்று இடலீனா அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை. இப்போது நினைத்தாள். நினைத்ததும் கால்கள் தாமாகச் சமையலறைக்குப் போயின.

திரும்பி வந்தபோது அவள் கையில் பழைய அலுமினிய மூடியும் அகப்பையும் இருந்தன. திரையைத் தொடக்கூடாது என்றுதானே உத்தரவு. அந்த அறையின் கட்டில்கள் அனைத்தும் ஒரே இரும்புச் சட்டத்தில் முடுக்கப்பட்டவை. காதை எவ்வளவு அடைத்தாலும் முதுகு அதிர்வைக் கேட்கும். அவள் மூடியைச் சட்டத்தோடு சேர்த்துப் பிடித்து, அகப்பையை ஓங்கினாள்.

வீடே கிடுகிடுத்தது. முதல் அடிக்கே ஒரு திரை விலகியது. மூன்றாம் அடிக்குள் ஐந்து தலைகள் வெளியே வந்துவிட்டன. ஒருவன் முகத்தில் சவர நுரை. ஒருத்தி காதொலிப்பானைக் கழற்றிக்கொண்டே, தீப்பிடித்ததா என்று கேட்டாள். ஒருவன் அவளை நோக்கிச் சொன்ன சொல் அவளுக்கு நன்றாகப் புரிந்தது. அது போலிஷ் மொழிச் சொல். மற்ற இரு படுக்கைக்காரர்களின் காலணிகள் அங்கில்லை. அவர்கள் வெளியே போயிருந்தார்கள்.

காலணி இருந்தும் திரை அசையாமல் நின்றது ஆறாம் படுக்கை ஒன்றுதான்.

இடலீனா தட்டுவதை நிறுத்தினாள். ஏச்சும் ஒவ்வொன்றாக நின்றது. அவள் எதைப் பார்க்கிறாள் என்பதை அவர்களும் பார்த்தார்கள். ஆனெலீஸ் ஏணியில் பாதி இறங்கியவள் அங்கேயே உறைந்துபோனாள்.

"சத்தியமா எனக்குத் தெரியாது," என்றாள், யாரும் கேட்காமலே.

இடலீனா மூடியைக் கீழே வைத்தாள். கையை இடுப்பில் கட்டியிருந்த வேலைத்துணியில் துடைத்துக்கொண்டாள். பிறகு திரையை ஒரே இழுப்பில் விலக்கினாள்.

மத்தேய் முழங்காலை நெஞ்சோடு ஒடுக்கிச் சுவர்ப்பக்கம் சுருண்டு கிடந்தான். முகம் சுண்ணாம்பாக வெளுத்து, உதடு வெடித்திருந்தது. நெற்றியைத் தொட்டவள் கையைச் சட்டென்று எடுத்தாள், அடுப்புக்கல்லைத் தொட்டவள்போல. மூச்சு இருந்தது, குட்டை குட்டையாக. கண் திறந்தது, ஆனால் அவளை அடையாளம் காணவில்லை. தண்ணீர்க்குடுவை காலியாக உருண்டு கிடந்தது. அருகே அணைந்த கைப்பேசி. அந்தப் படுக்கையின் மின்செருகி ஒரு மாதமாக வேலை செய்வதில்லை.

"மகளே, நூத்திப் பன்னெண்டுக்குப் போன் போட்டு ஆம்புலன்ஸ் கேளு. நான் இவனை விட்டு நகர முடியாது," என்று இடலீனா ஆனெலீஸிடம் சொன்னாள். "நீ, நுரைக்காரா, கீழ போய்க் கதவைத் திறந்து பிடிச்சுக்க. எண்ணெல்லாம் அழுத்திக்கிட்டு நிக்க அவங்களுக்கு நேரமிருக்காது."

மருத்துவ வண்டி மேட்டுத் தெருவில் ஏறி வருவதற்குள், அறையில் கொட்டு அடித்த பணிப்பெண்ணைப் பற்றி மூன்று புகார்கள் லிஸ்பனைச் சென்றடைந்துவிட்டன. அவை ஆறாம் திரை விலகும் முன்பே எழுதப்பட்டவை. எழுதியவர்களே பிறகு பைகளை ஒதுக்கி வழிசெய்து, குறுகலான படிக்கட்டில் தூக்குப்படுக்கையின் ஒரு முனையையும் பிடித்தார்கள். குடல்வால் வெடித்துச் சீழ் வயிற்றுக்குள் பரவியிருந்தது. அன்று பிற்பகலே அறுவை நடந்தது. பிழைத்துவிடுவான் என்ற சொல் வரும்வரை அந்த ஐந்து பேரும் திரைக்குள் போகவில்லை. சமையலறை மேசையைச் சுற்றி, ஒருவரையொருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். இடலீனா ஆளுக்கொரு கத்தியும் நடுவில் ஒரு குவியல் உருளைக்கிழங்கும் வைத்தாள். போலிஷ்காரன் தோலைக் கட்டைவிரல் தடிமனில் சீவியதை மட்டும் அவளால் பொறுக்க முடியவில்லை. கத்தியைப் பிடுங்கி, எப்படி உரிப்பது என்று காட்டிக் கொடுத்தாள்.

மாலை ரயிலில் நூனோ வந்தான். அவளைத் தனியே அழைத்துத் தன் கைப்பேசியைக் காட்டினான். தானியங்கி எண்ணுக்கு மத்தேய் அனுப்பிய செய்திகள் அதில் இருந்தன. வயிறு மிகவும் வலிக்கிறது, அறையில் எல்லாரும் உறங்குகிறார்கள், அவர்களைத் தொந்தரவு செய்ய விரும்பவில்லை, யாராவது வர முடியுமா என்று எழுதியிருந்தான். உங்கள் செய்திக்கு நன்றி, காலை பதினொரு மணிக்குள் அறையைக் காலி செய்யவும் என்று பதில் போயிருந்தது. இரண்டாம் முறை கேட்டதற்கும் அதே பதில்.

"நான் இதைப் பார்க்கவே இல்லை," என்றான் நூனோ. அவன் குரல் இறங்கியிருந்தது. "பதில் போயிட்டா எனக்குக் காட்டாது. இதை வெளிய யார்கிட்டயும்…"

"அவன் அம்மா போன் பண்ணினா நான் என்னன்னு சொல்லட்டும், மகனே?"

நூனோ கைப்பேசியைப் பைக்குள் போட்டான். அவளை முதலில் தடுத்ததற்கு மன்னிப்புக் கேட்டான். அது பொய்யாகவும் தெரியவில்லை. ஆனாலும் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். இரண்டாம் எச்சரிக்கை. திரை விஷயத்தில் ஒருமுறை விதியைத் தளர்த்தினால் நான்கு விடுதிகளிலும் அது நிற்காது, தங்குகிறவர்கள் அதற்காகத்தான் பணம் கொடுக்கிறார்கள் என்றான். போன முறை சொன்னபடி வேலையை விட்டு நிறுத்தப்போவதில்லை, ஆனால் மூன்றாவதாக ஒரு தாள் வந்தால் தன்னால் எதுவும் செய்ய முடியாது என்றும் சொன்னான். மூன்று புகார்களில் இரண்டை எழுதியவர்களே நீக்கியிருந்தார்கள். ஒன்று இன்னும் இருந்தது: அமைதியில்லாத இடம்.

இடலீனா தாளை இருமுறை படித்தாள். சூப் கொதிக்கும் சத்தம் கேட்டது. கையெழுத்திட்டுக் கொடுத்தாள்.

மறுநாள் வாசலில் பூட்டுக்காரர் வந்து எதையோ சரிசெய்தார். மின்செருகியும் மாற்றப்பட்டது. நூனோ ஒரு புதிய அறிவிப்பை அறையில் ஒட்டிவிட்டுப் போனான்: பணியாளர்கள் பயணிகளை எக்காரணத்தாலும் தொந்தரவு செய்யமாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை நடுப்பகலில் இடலீனா அந்த அறிவிப்பைத் தாண்டி அறைக்குள் போனாள். கையில் மூடி இல்லை, அகப்பை இல்லை. முதல் படுக்கையின் மரச்சட்டத்தில் விரல் கணுவால் இருமுறை தட்டி நின்றாள். உள்ளிருந்து ஓர் உறுமல் வந்தது. இரண்டாவதைத் தட்டினாள். "என்ன வேணும்?" என்று ஒரு குரல். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லி நகர்ந்தாள். மூன்றாவது காலி. நான்காவதில் பதில் வரவில்லை.

மீண்டும் தட்டினாள். கீழே காலணிகள் இருந்தன. யாருடையவை என்று அவளுக்குத் தெரியாது. நேற்று எப்போதோ எண் அழுத்தி உள்ளே வந்த யாரோ. மூன்றாம் தாளில் நூனோவின் கையெழுத்து எப்படி விழும் என்பது கண்முன் வந்தது. வலக்கை திரையின் ஓரம்வரை உயர்ந்து, துணியைத் தொடாமல் நின்றது. அவள் இன்னொரு முறை, இன்னும் பலமாகத் தட்டினாள்.

"தொலைஞ்சு போயேன் கிழவி, தூங்க விட மாட்டியா!"

இடலீனா கையை இறக்கினாள். அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டுவிட்டு, ஐந்தாம் படுக்கைக்கு நகர்ந்தாள்.