பதினோராவது வாக்கு

பங்குனி, செவ்வாய்க்கிழமை: சட்டமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு. காலை 7.20க்குக் கட்சித் தலைவரும் வேட்பாளருமானவர் ஆனையூரில் எங்கள் சாவடியில் வாக்களித்தார். ஒன்பது மணிக்குள் அவரை முன்மொழிந்த பத்துப் பேரும் அதே சாவடியில் வாக்களித்தனர்.

சித்திரை, ஞாயிற்றுக்கிழமை: வாக்கு எண்ணிக்கை. மேற்படி சாவடியில் கட்சி பெற்றவை பத்து வாக்குகள்.

கட்சியின் குறிப்பேட்டில் பொதுச்செயலாளராகிய நான் எழுதியவை இவை. எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. தலைவர் காலமாகி நாற்பது நாள் ஆகிவிட்டது. எழுதாமல் விட்டதையும் இனி எழுதிவைப்பதே முறை.

பெரிய கட்சியின் வேட்பாளரை ஒருவர் முன்மொழிந்தால் போதும். எங்களைப் போன்ற அங்கீகாரமற்ற கட்சிக்குப் பத்துப் பேர் கையெழுத்திட வேண்டும். நகரத்துக் கண்மாய்களைக் காப்பதற்கென்று தொடங்கிய கட்சி அது. அலுவலகம் இருந்த தெருவே ஒரு காலத்தில் கண்மாய்தான் என்பதை எதிரிகள் கண்டுபிடிக்கவில்லை, மழை கண்டுபிடித்தது. தலைவர் பட்டுச்சேலைக் கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு அரசியலுக்கு வந்தவர். நான் கல்லூரியில் முப்பது ஆண்டு தேர்தல் முறைகளைக் கற்பித்து ஓய்வு பெற்றவன்.

எங்களுக்கு நிலையான சின்னம் கிடையாது. முதல் இரண்டு தேர்தல்களிலும் வாளி கிடைத்தது. பரவை மார்க்கெட்டில் ஒரு பிளாஸ்டிக் வாளியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கண்மாய்களின் வரலாற்றை விளக்கினேன். காய் விற்ற பெண்மணி ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வாளி எப்ப தருவீக? மூடியோடயா, மூடி இல்லாமலா?" என்றார். மூடி குறித்துக் கட்சிக்கு நிலைப்பாடு எதுவும் இருக்கவில்லை.

மூன்றாவதான இந்தத் தேர்தலில் வாளி, யாரென்றே தெரியாத ஒரு சுயேச்சைக்குப் போய்விட்டது. எங்களுக்கு இஸ்திரிப் பெட்டி.

"தண்ணிக் கட்சிக்கு இஸ்திரிப் பொட்டியாண்ணே? இருக்குற ஈரத்தையும் காய வைக்கவா?" என்று டீக்கடைக்காரர் சிரித்தார். முன்மொழிந்த பத்துப் பேரில் என்னைப் போல அவரும் ஒருவர். தலைவர் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பு பின்னால் சாட்சியமாயிற்று.

வாக்குப்பதிவு நாளில் கொரோனா தொற்றுக்குப் பயந்து வலக்கைக்கு ஒரு பிளாஸ்டிக் உறை தந்தார்கள். இயந்திரத்தின் முன் நின்றேன். பட்டியலில் வாளி தெரிந்தது. பழக்கத்தில் விரல் அதற்குப் போய்விட்டது. கண்ணாடிக்குப் பின்னால், தாளில், அந்த வாளி ஏழு விநாடி நின்றது. அந்த ஏழு விநாடியில் வாக்காளன் செய்யக்கூடியது எதுவுமில்லை என்பதை முப்பது ஆண்டு கற்பித்தவன் அறிவான்.

பத்துப் பேரும் தலைவரும் சேர்ந்தால் பதினொன்று, வந்தவை பத்து. தொகுதி முழுவதும் தோற்றது தலைவருக்குப் பெரிதாகப் படவில்லை. அது மக்கள் விருப்பம். இந்த ஒன்று துரோகம். மறுநாளே ஒருநபர் விசாரணைக் குழு அமைத்தார். அப்பழுக்கற்றவர் வேண்டும் என்று சொல்லி என்னை நியமித்தார்.

கோயில் வாசலில் எல்லோரும் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும் என்பது அவர் உத்தரவு. சூடம் கொளுத்துவது விசாரணை அதிகாரியின் பணி. அணைப்பது மற்றவர்களின் பணி. எட்டுப் பேர் உள்ளங்கையைச் சுட்டுக்கொண்டார்கள். ஒன்பதாவதாக வந்த டீக்கடைக்காரர் இரண்டு முறை அணைத்தார்.

"போதுமா சார்? இன்னொண்ணு கொளுத்துங்க, அதையும் அமுக்குறேன்."

"பாத்தீகளா வாத்தியாரே? உண்மையாப் போட்டவன் ஒரு தடவைதான் அமுக்குவான்" என்று தலைவர் என் காதில் சொன்னார்.

நான் அறிக்கை அளித்தேன். தலைவர் அதைக் கடைசி வரி வரை படித்தார்.

"பதினோரு பக்கம் எழுதிருக்கீக. ஒரு பேரு இல்லையே?"

"போதிய ஆதாரம் இல்லை, தலைவரே."

"ஒங்களுக்கு எல்லாருமே நல்லவங்கதான்" என்றவர், தம் மனைவியிடம் சௌராஷ்டிர மொழியில் ஏதோ சொன்னார். அம்மையார் என்னைப் பரிவோடு பார்த்தார்.

அன்றிலிருந்து தலைவர் அந்த டீக்கடை வாசலை மிதிக்கவில்லை. நாங்கள் இருவரும் தினமும் பஸ் ஸ்டாப் வரை நடந்து, டீ என்ற பெயரில் விற்கப்பட்ட வெந்நீரைக் குடித்தோம். எனக்கு அது தகுந்த தண்டனை. அவர் ஏன் அதை அனுபவிக்க வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். ஒவ்வொரு நாளும் குடித்தேன்.

மருத்துவமனையில் ஒரு பிற்பகல் தலைவர் கண்ணைத் திறந்து, "அந்த ஒரு ஓட்டு அவன்தானே வாத்தியாரே?" என்று கேட்டார்.

"அதை விடுங்க, தலைவரே."

சொல்லியிருந்தால் சிரித்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. அந்தச் சிரிப்பையும் நான் அவருக்குத் தரவில்லை.

துக்க வீட்டுக்கு டீக்கடைக்காரர் யாரும் சொல்லாமலே ஒரு கேன் நிறைய டீ கொண்டுவந்தார். எனக்கு ஊற்றிக்கொடுத்தபோது, "கடைசி வரைக்கும் என்னைய நம்பாமலே போயிட்டாரே சார்" என்றார். டீ மிக நன்றாக இருந்தது. நான் அதைச் சொன்னேன். அதை மட்டும் சொன்னேன்.

செய்யாமல் நிற்பவை:

– கட்சியைக் கலைக்கும் கடிதத்தை ஆணையத்துக்கு அனுப்புதல். தலைவர் கையெழுத்திடும் இடம் காலியாக உள்ளது.

– பரணில் இருக்கும் வாளிகளைப் பரவை மார்க்கெட்டில் கொடுத்தல். மூடி இல்லை.

– விசாரணை அறிக்கையின் பன்னிரண்டாம் பக்கத்தை எழுதுதல்.

– டீக்கடைக்காரரைச் சூடம் கொளுத்தச் சொல்லி, நான் அணைத்தல். ஒரு முறை போதும்.